பழைய மடிக்கணினியில் லினக்ஸ்: இலகுவான, பாதுகாப்பான உலாவியைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது, இண்டெல் சிப் என்றால் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும் என்கிறது. பினாங்கில் எத்தனையோ வீடுகளில் 6-ஆம், 7-ஆம் தலைமுறை மடிக்கணினிகள் இன்னும் நன்றாகவே ஓடுகின்றன. அலுவலகங்கள் கழித்துவிட்ட திங்க்பேட்களும் லேட்டிடியூட்களும் செகண்ட் ஹேண்ட் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. இவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் இன்னும் சில ஆண்டுகள் தாராளமாக ஓட்டலாம். ஏற்றி முடித்ததும் எல்லாரும் கேட்கும் அடுத்த கேள்வி: எந்த உலாவியைப் போடுவது?

இணையத்தில் தேடினால் "மிக இலகுவான உலாவிகள்" என்று பட்டியல் பட்டியலாக வரும். அவற்றை நம்பி இறங்காதீர்கள். பல பட்டியல்கள் பழையவை. அதில் இருக்கும் சில உலாவிகளை இன்று யாரும் பராமரிப்பதில்லை. இன்னும் பெரிய சிக்கல், அந்தப் பட்டியல்கள் எடையை மட்டுமே பார்க்கின்றன. நம் வீட்டு மடிக்கணினியில்தான் வங்கிக் கணக்கு திறக்கிறோம், வருமான வரிப் படிவம் நிரப்புகிறோம், ஊழியர் சேமநிதிக் கணக்கைப் பார்க்கிறோம். பிள்ளை அதே கணினியில், கல்வி அமைச்சின் டெலிமா கற்றல் தளத்தில் வீட்டுப்பாடம் செய்கிறது. இப்படிப்பட்ட கணினியில் ஓட்டை உள்ள உலாவி இருந்தால், அது எவ்வளவு வேகமாகத் திறந்து என்ன பயன்?

ஆகவே இந்த வழிகாட்டியின் வரிசை வேறு. முதலில் பாதுகாப்பில் தேறுபவற்றைப் பிரித்தெடுப்போம், எடையை அதற்கு அப்புறம் பார்ப்போம். காரணம் எளிது: உலாவியின் எடையைக் குறைக்க நம் கையில் பல வழிகள் உண்டு. அதன் பாதுகாப்பு ஓட்டையை அடைக்க நம்மால் முடியாது. அதைச் செய்தவர்கள்தான் அடைக்க வேண்டும்.

படி 1: கணினியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

நான்கு விஷயங்கள் தெரிந்தால் போதும். லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் அல்லது செட்டிங்ஸில் உள்ள அபவுட் பக்கத்தில் பெரும்பாலானவை கிடைக்கும்.

ரேம் எவ்வளவு? 8 ஜிபி இருந்தால் நிம்மதி. இந்த வழிகாட்டியில் பாதுகாப்பு பற்றிய பகுதிகளை மட்டும் படித்தாலே போதும். 4 ஜிபி என்றால் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். 2 ஜிபி என்றால் ஒரு நேரத்தில் இரண்டு மூன்று டேப்களுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பழைய மாடல்கள் பலவற்றில் ரேமைக் கழற்றி மாற்றலாம். 4-ஐ 8 ஆக்குவது, எந்த உலாவியை மாற்றுவதைக் காட்டிலும் அதிகப் பலன் தரும். அதைச் செய்ய முடிந்தால் முதலில் அதைச் செய்யுங்கள்.

ஹார்ட் டிஸ்கா, எஸ்எஸ்டியா? உலாவி தன் கேஷை, அதாவது தற்காலிகச் சேமிப்பை, ஓயாமல் எழுதிப் படித்துக்கொண்டே இருக்கும். ரேம் நிரம்பினால் அதில் இடமில்லாத தரவும் (இதுவே ஸ்வாப்) அங்கேதான் போகும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இது கணினியையே உறைய வைத்துவிடும். உலாவி மேல் சொல்லப்படும் பழியில் பெரும்பகுதி உண்மையில் ஹார்ட் டிஸ்க்குக்குச் சேர வேண்டியது.

சிப் எந்தத் தலைமுறை? இது வீடியோ பார்க்கும்போது தேவைப்படும், பின்னால் வருகிறேன்.

கடைசியாக, 64 பிட்டா 32 பிட்டா? இதில் இப்போது பேரம் பேச இடமில்லை. குரோம் 2016 மார்ச்சிலேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. பயர்பாக்ஸும் 2025-இல் 145-ஆம் பதிப்போடு கைவிட்டது. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 13-ஆம் பதிப்பை 32 பிட் கணினியில் நேரடியாக நிறுவவே முடியாது. 32 பிட் சிப் மட்டுமே உள்ள கணினியை எழுதப் படிக்க, பாட்டு கேட்க வைத்துக்கொள்ளுங்கள், வங்கி வேலைக்கு வேண்டாம். ஆனால் ஒன்றைச் சரிபாருங்கள்: சிப் 64 பிட்டாக இருந்தும் யாரோ 32 பிட் லினக்ஸ் போட்டிருக்கலாம். அப்படியானால் 64 பிட் பதிப்பை மறுபடி நிறுவினாலே தீர்ந்தது.

படி 2: மூன்று கேள்விகளால் வடிகட்டுங்கள்

எந்த உலாவியின் பெயர் காதில் விழுந்தாலும் இந்த மூன்றையும் கேளுங்கள்.

முதல் கேள்வி: ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் எத்தனை நாளில் அடைக்கிறார்கள்?

2023 செப்டம்பரில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பி என்ற வடிவில் உள்ள படங்களைத் திறக்கும் லிப்வெப்பி என்ற நிரல் தொகுப்பில் கடுமையான ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. தாக்குதல்காரர்கள் அதை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். விசேஷமாகத் தயாரித்த ஒரு படத்தை உலாவி திறந்தால் போதும், தீங்கான நிரலை உள்ளே ஓடவிட வாய்ப்பு இருந்தது. குரோம் 11-ஆம் தேதி திருத்தம் வெளியிட்டது, பயர்பாக்ஸ் மறுநாளே வெளியிட்டது. 2024 அக்டோபரில் பயர்பாக்ஸில் வேறொரு ஓட்டை பற்றித் தகவல் வந்தபோது, அதைச் செய்யும் மொசில்லா 25 மணி நேரத்தில் திருத்தத்தை அனுப்பியது. ஓய்வு நேரத்தில் ஒருவரோ இருவரோ பராமரிக்கும் உலாவியால் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. இந்த வேலைக்கு இரவு பகலாகக் காத்திருக்கும் ஒரு குழு வேண்டும்.

இரண்டாவது கேள்வி: சாண்ட்பாக்ஸும் தளப் பிரிப்பும் உண்டா?

இன்றைய உலாவி தன்னைப் பல புராசஸ்களாக, அதாவது தனித்தனியாக ஓடும் நிரல்களாக, பிரித்துக்கொள்கிறது. வலைப்பக்கத்தை வரையும் புராசஸுக்கு உங்கள் கோப்புகளைத் தொட உரிமை கிடையாது. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் செக்காம்ப், யூசர் நேம்ஸ்பேஸ் போன்ற வசதிகளால் அதைக் கட்டிப்போடுகிறார்கள். இதுதான் சாண்ட்பாக்ஸ். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற சிப் குறைபாடு வெளியானதும் இன்னொன்று தெளிவாயிற்று: இரண்டு தளங்கள் ஒரே புராசஸில் இருந்தால், ஒன்று மற்றதன் நினைவகத்தை எட்டிப் பார்க்க வழியுண்டு. அதனால் குரோம் அதே ஆண்டு 67-ஆம் பதிப்பில் ஒவ்வொரு தளத்தையும் தனிப் புராசஸில் வைக்கத் தொடங்கியது. பயர்பாக்ஸ் 2021-இல் 94-ஆம் பதிப்போடு இதைப் பரவலாக்கியது.

இங்கேதான் எடையும் பாதுகாப்பும் நேருக்கு நேர் மோதுகின்றன. தனித்தனிப் புராசஸ் என்றால் ரேம் கூடுதலாகச் செலவாகும். ஒரே புராசஸில் எல்லாவற்றையும் அடைக்கும் உலாவி ரேம் குறைவாகத்தான் எடுக்கும். தனித்தனி அறைகள் கொண்ட வீட்டின் சுவர்களையெல்லாம் இடித்தால் இடம் தாராளமாகத்தான் தெரியும். வாசலில் நுழைந்தவனுக்கு அலமாரியும் தெரியும். ஆகவே ஒரு உலாவி "மிக மிக இலகு" என்று பெயர் வாங்கியிருந்தால், எதை விட்டுக்கொடுத்து அந்த இலகுவை வாங்கியது என்று பாருங்கள்.

மூன்றாவது கேள்வி: உள்ளே இருக்கும் எஞ்சின், அதாவது வலைப்பக்கத்தை வரையும் நிரல், யாருடையது? லினக்ஸில் உலாவிப் பெயர்கள் ஏராளம், எஞ்சின்கள் மூன்றே மூன்று: மொசில்லாவின் கெக்கோ, கூகுளின் பிளிங்க், வெப்கிட். மற்றவை இவற்றின் கிளைகள் அல்லது மிகச் சிறிய தனி முயற்சிகள். கிளை உலாவிக்குத் திருத்தம் மூல எஞ்சினிலிருந்து வந்து சேர வேண்டும். அந்தத் தாமதம் ஒரு நாளா, ஒரு மாதமா என்பதே கேள்வி.

படி 3: வடிகட்டியபின் மிஞ்சுபவை

பயர்பாக்ஸ். 4 ஜிபி கணினிக்கு என் முதல் பரிந்துரை இதுதான். ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு, இடையில் அவசரத் திருத்தங்கள். இஎஸ்ஆர் என்ற நீண்டகாலப் பதிப்பும் உண்டு: அதில் பாதுகாப்புத் திருத்தங்கள் உடனுக்குடன் வரும், தோற்றமும் வசதிகளும் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு முறைதான் மாறும். பொத்தான்கள் இடம் மாறினால் தடுமாறும் பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு இஎஸ்ஆர் மிகவும் ஏற்றது. டெபியன் இதையே இயல்பாகத் தருகிறது. 2025 ஜூலையில் வந்த 141-ஆம் பதிப்பிலிருந்து லினக்ஸில் ரேம் பயன்பாட்டைக் குறைத்திருப்பதாக மொசில்லா அறிவித்தது, நமக்கு நேரடியாகப் பயன்படும் மாற்றம். எல்லாவற்றுக்கும் மேலாக, விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் இதில் முழு வலிமையோடு ஓடுகிறது. எடைக் குறைப்பில் அதன் பங்கு எவ்வளவு பெரியது என்பதைப் படி 6-இல் பார்க்கலாம்.

குரோமியம் (குரோமுக்கு அடித்தளமான திறந்த மூல உலாவி), குரோம். பாதுகாப்பில் குறை சொல்ல முடியாது. சாண்ட்பாக்ஸ் மிக வலுவானது. டெலிமாவில் கூகுள் கிளாஸ்ரூம், கூகுள் மீட் போன்றவையும் இருப்பதால், பள்ளிப் பிள்ளை உள்ள வீட்டில் இரண்டாவது உலாவியாக இதை வைத்துக்கொள்ளலாம். குறை ஒன்று உண்டு: கூகுள் தன் எக்ஸ்டென்ஷன் (உலாவியில் சேர்க்கும் துணை நிரல்) விதிகளை மாற்றியபின் குரோமில் பழைய யூபிளாக் ஆரிஜின் ஓடாது, யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற சுருக்கப்பட்ட வடிவமே கிடைக்கும். அதுவும் பரவாயில்லை, ஆனால் முழுமை இல்லை.

பிரேவ். குரோமியத்தின் கிளைதான், ஆனால் விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷனாக இல்லாமல் உலாவிக்குள்ளேயே ரஸ்ட் என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. அதனால் கூகுளின் எக்ஸ்டென்ஷன் விதிகள் அதைத் தொடாது. குரோம் போன்ற உலாவிதான் வேண்டும், கனமும் குறைய வேண்டும் என்பவர்களுக்கு நல்ல தேர்வு. நிறுவியதும் ரிவார்ட்ஸ், வாலெட் போன்ற கிரிப்டோ சமாச்சாரங்களை மறைத்துவிடுங்கள்.

குனோம் வெப். எபிஃபனி என்ற பெயரிலும் தெரியும். வெப்கிட் எஞ்சின். மூன்றாவது எஞ்சின் என்பதால் அதன் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. டெபியனும் உபுண்டுவும் இந்த எஞ்சினுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்புகின்றன. செய்தி படிக்க, மின்னஞ்சல் பார்க்க அருமை. ஆனால் கட்டணத் திரைப்படச் சேவைகள் ஓடாது, கனமான தளங்கள் சில தடுமாறும். ஒரே உலாவியாக வைத்துக்கொள்ளப் போதாது.

லிப்ரவுல்ஃப். பயர்பாக்ஸிலிருந்து தகவல் சேகரிப்பை நீக்கி, தனியுரிமை அமைப்புகளை இறுக்கி, யூபிளாக் ஆரிஜினையும் சேர்த்துத் தருவது. அடையாளத்தை மறைப்பதற்காக உங்கள் நேர வலயத்தையும் மறைத்துவிடும். அதனால் சில தளங்களில் நேரம் மலேசிய நேரத்தைவிட 8 மணி நேரம் பின்தங்கித் தெரியும். பிள்ளையின் வகுப்பு அட்டவணை குழம்பும். விவரம் தெரிந்தவர்களுக்கு நல்லது, அம்மா அப்பா பயன்படுத்தும் கணினியில் போடாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபால்கனும் கியூட்பிரவுசரும் கியூடி வெப்எஞ்சின் மேல் ஓடுபவை. அது குரோமியத்திலிருந்து வருவது. திருத்தங்கள் உங்கள் லினக்ஸ் பதிப்பைப் பொறுத்தே வந்துசேரும். டெபியன் அதற்குப் பாதுகாப்பு உத்தரவாதம் தருவதில்லை என்று தன் வெளியீட்டுக் குறிப்பிலேயே சொல்லி, பயர்பாக்ஸையோ குரோமியத்தையோ பயன்படுத்தச் சொல்கிறது. பேல் மூன் பழைய பயர்பாக்ஸிலிருந்து பிரிந்தது; இன்றும் ஒரே புராசஸ்தான், அதனால் இரண்டாவது கேள்வியிலேயே விழுந்துவிடுகிறது.

டில்லோ நிஜமாகவே இறகு போன்றது. 2024-இல் பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு புதிய பதிப்பும் வந்தது. பக்கங்களுக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எதையும் இயக்காது, அதனால் தாக்குதலுக்கான வழிகளும் குறைவு. ஆனால் வங்கித் தளம் எதுவும் அதில் திறக்காது. நமக்கு இன்னொரு தடையும் உண்டு, ஆங்கிலப் பட்டியல்கள் எதுவும் இதைச் சொல்வதில்லை: தமிழ். கொம்பும் காலும் சரியான இடத்தில் வந்து அமர வேண்டுமானால் எழுத்துகளைக் கோக்கும் நிரல் வேண்டும். பயர்பாக்ஸ், குரோமியம், வெப்கிட் மூன்றும் ஹார்ஃப்பஸ் என்ற நிரலைக் கொண்டு இதைச் சரியாகச் செய்கின்றன. டில்லோ செய்வதில்லை. எந்தப் புதிய உலாவியைப் போட்டாலும் "கொக்கு", "கெண்டை", "லட்சுமி", "ஸ்ரீ" என்று உள்ள ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் அந்த உலாவி தமிழ் வாசிப்புக்கு உதவாது. பெரிய உலாவியிலும் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் குறை எழுத்துருவில். நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் தமிழ் எழுத்துருவை மென்பொருள் கிடங்கிலிருந்து நிறுவுங்கள். தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகத் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும்.

படி 4: எங்கிருந்து நிறுவுகிறோம் என்பதும் முக்கியம்

நல்ல உலாவியைத் தவறான இடத்திலிருந்து இறக்கினால் செய்த தேர்வு வீண். உங்கள் லினக்ஸின் சொந்த மென்பொருள் கிடங்கிலிருந்தோ, உலாவியைச் செய்தவரின் அதிகாரப்பூர்வக் கிடங்கிலிருந்தோ மட்டும் நிறுவுங்கள். அப்போதுதான் கணினியின் வழக்கமான புதுப்பிப்போடு உலாவியும் புதுப்பிக்கப்படும்.

லினக்ஸ் மின்ட் பயன்படுத்துபவர்களுக்கு வேலை குறைவு: பயர்பாக்ஸ், டெபியன் வகை லினக்ஸ்களின் வழக்கமான நிறுவல் வடிவமான டெப் தொகுப்பாகவே வருகிறது. உபுண்டுவில் 22.04 முதல் பயர்பாக்ஸ் ஸ்னாப் என்ற உபுண்டுவின் தனித் தொகுப்பு வடிவில்தான் கிடைக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஸ்னாப் முதல் முறை திறக்க நேரமெடுக்கும். அது பொறுக்க முடியாவிட்டால், மொசில்லாவின் சொந்த டெப் கிடங்கைச் சேர்த்துக்கொள்ளலாம். வழிமுறை மொசில்லாவின் உதவிப் பக்கத்தில் உண்டு. குரோமின் டெப் கோப்பை நிறுவினால் அது தன் கிடங்கைத் தானே சேர்த்துவிடும்.

நிறுவாமலே ஓடும் ஆப்இமேஜ் கோப்பாக உலாவியை இறக்கி வைக்காதீர்கள். பெரும்பாலும் அது தானாகப் புதுப்பிக்காது. இன்னொரு ஆபத்தும் உண்டு. உபுண்டு 24.04 பாதுகாப்புக்காக யூசர் நேம்ஸ்பேஸ் வசதியை ஆப்ஆர்மர் என்ற காவல் அமைப்பின் மூலம் கட்டுப்படுத்துகிறது. எங்கிருந்தோ இறக்கிய குரோமிய வகை உலாவி இதனால் "சாண்ட்பாக்ஸ் இல்லை" என்று சொல்லித் திறக்க மறுக்கலாம். உடனே இணையத்தில் ஒரு வைத்தியம் சொல்வார்கள்: சாண்ட்பாக்ஸை அணைக்கும் தெரிவைச் சேர்த்து ஓட்டு என்று. அதைச் செய்யவே செய்யாதீர்கள். எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராக உலாவியைத் திறப்பதும் அப்படித்தான்.

சாண்ட்பாக்ஸ் வேலை செய்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பயர்பாக்ஸில் ஹெல்ப் பட்டியலில் மோர் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் பக்கத்தைத் திறந்து, கீழே சாண்ட்பாக்ஸ் பகுதிக்குப் போங்கள். செக்காம்ப், யூசர் நேம்ஸ்பேஸ் வரிகளில் ட்ரூ என்று இருக்க வேண்டும்.

படி 5: உங்கள் கணினியிலேயே அளந்து பாருங்கள்

யாரோ ஒருவர் 32 ஜிபி கணினியில் எடுத்த அளவு நமக்குப் பொருந்தாது. உலாவி தன் முன் இருக்கும் ரேமைப் பார்த்து நடந்துகொள்ளும். தாராளமாக இருந்தால் தாராளமாக எடுக்கும். அதனால் இரண்டு மூன்று உலாவிகளை நிறுவி நீங்களே ஒப்பிடுங்கள்.

கணினியை மறுபடி தொடங்குங்கள். எதையும் திறக்காமல், சிஸ்டம் மானிட்டரில் மிச்சமிருக்கும் ரேமைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் உலாவியில் உங்கள் அன்றாடப் பக்கங்களைத் திறங்கள்: மின்னஞ்சல், ஒரு தமிழ்ச் செய்தித்தளம், யூடியூப், வங்கியின் முகப்புப் பக்கம். யூடியூப்பில் ஒரு பாட்டை ஓடவிட்டு, பத்து நிமிடம் வழக்கம்போல் பயன்படுத்திவிட்டு மறுபடி பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உண்மையான எடை. அடுத்த உலாவிக்கும் கணினியை மறுதொடக்கம் செய்துவிட்டு இதே பக்கங்களோடு அளங்கள்.

உலாவியின் ஒவ்வொரு புராசஸுக்கும் எதிரே உள்ள எண்களைக் கூட்டாதீர்கள். அந்தப் புராசஸ்கள் ரேமின் ஒரு பகுதியைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. கூட்டினால் அதே இடத்தைப் பல முறை எண்ணியதாகிவிடும். "உலாவி என் ரேமை முழுதாக விழுங்குகிறது" என்ற புகார்கள் பலவற்றுக்கு இந்தக் கூட்டல்தான் காரணம்.

எந்த டேப் கனம் என்று பார்க்க, பயர்பாக்ஸிலும் குரோமிலும் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். ஒவ்வொரு டேப்பும் எவ்வளவு எடுக்கிறது என்று அங்கேயே தெரியும். பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்: பெரும்பாலும் உலாவிகளுக்கிடையே உள்ள வித்தியாசத்தைவிட, பக்கங்களுக்கிடையே உள்ள வித்தியாசம் பெரிது.

படி 6: எடையைக் குறையுங்கள்

அந்தக் கனமான பக்கங்களைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பவை விளம்பர நிரல்கள், பின்தொடரும் நிரல்கள், தானாக ஓடும் வீடியோக்கள். நான்கு பத்திச் செய்தியைப் படிக்க இத்தனையும் இறங்குகின்றன. யூபிளாக் ஆரிஜின் இவற்றை இறங்கவே விடாமல் தடுக்கிறது. அதனால் ரேம் மிச்சம், சிப்பின் உழைப்பு மிச்சம், கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுபவர்களுக்கு டேட்டாவும் மிச்சம். தீங்கு விதைக்கும் விளம்பரங்களும் அதோடு போகும். எடைக்கும் பாதுகாப்புக்கும் ஒரே நேரத்தில் உதவும் ஒரே பொருள் இது. பழைய கணினியில் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். பயர்பாக்ஸின் அதிகாரப்பூர்வ எக்ஸ்டென்ஷன் தளத்தில் தேடி, உருவாக்கியவர் ரேமண்ட் ஹில் என்று இருப்பதைப் பார்த்து நிறுவுங்கள். பெயர் ஒத்த வேறு சரக்குகளும் உண்டு. இரண்டு விளம்பரத் தடுப்பான்களைச் சேர்த்துப் போடாதீர்கள், ஒன்றையொன்று இடறும். வேறு எக்ஸ்டென்ஷன்களையும் முடிந்தவரை தவிருங்கள்: ஒவ்வொன்றும் கொஞ்சம் ரேம் எடுக்கும், பலவற்றுக்கு நீங்கள் பார்க்கும் பக்கங்களைப் படிக்கும் உரிமையும் இருக்கும்.

டேப்களைப் பொறுத்தவரை, பயர்பாக்ஸ் 140 முதல் டேப்பின் மேல் வலது சொடுக்கினால் அன்லோட் டேப் என்று வரும். டேப் இருந்த இடத்திலேயே இருக்கும், ரேம் மட்டும் விடுபடும். குரோமில் செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரி சேவரை இயக்குங்கள். பயன்படுத்தாத டேப்களை அதுவே உறங்க வைக்கும்.

யூடியூப் திக்கினால், விசிறி இரைந்தால், குறை உலாவியில் இல்லாமல் வீடியோ வடிவத்தில் இருக்கலாம். யூடியூப் பெரும்பாலும் விபி9 அல்லது ஏவி1 வடிவில் அனுப்புகிறது. 7-ஆம் தலைமுறைக்கு முந்தைய இண்டெல் சிப்புகளில் விபி9-க்கு முழு வன்பொருள் ஆதரவு கிடையாது. எல்லாச் சுமையும் சிப்பின் மேல் விழும். எச்264ஐஃபை என்ற எக்ஸ்டென்ஷன், அந்தச் சிப்புகளுக்குப் பழக்கமான எச்.264 வடிவத்தையே அனுப்பச் சொல்லும். இது மட்டும் நான் மேலே சொன்ன விதிக்கு விலக்கு. பயர்பாக்ஸ் 115 முதல் லினக்ஸில் இண்டெல் கிராஃபிக்ஸுக்கு வன்பொருள் வீடியோ உதவி இயல்பாகவே இயக்கத்தில் இருக்கிறது, ஆகவே பழைய பதிப்போடு போராட வேண்டாம்.

ரேம் 4 ஜிபிக்குள் என்றால் ஸீராம் போடுங்கள். ரேமின் ஒரு பகுதியில் தரவைச் சுருக்கி வைத்து ஸ்வாப்பாகப் பயன்படுத்தும் ஏற்பாடு இது. டிஸ்க்குக்குப் போவதைவிடப் பல மடங்கு வேகம். ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை 2020-இல் வந்த 33-ஆம் பதிப்பிலிருந்து இதை இயல்பாகவே தருகிறது. டெபியன், மின்ட் வகைகளில் ஸீராம் டூல்ஸ் தொகுப்பை நிறுவினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. பயர்பாக்ஸின் மறைவான அமைப்புகளுக்குள் போய்ப் புராசஸ் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லும் குறிப்புகள் ஏராளமாக உலவுகின்றன. அந்தப் புராசஸ்கள்தான் படி 2-இல் பார்த்த பாதுகாப்பு. கொஞ்சம் ரேமுக்காக அதைக் கழற்ற வேண்டாம்.

படி 7: பூட்டவேண்டியவற்றைப் பூட்டுங்கள்

பயர்பாக்ஸின் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில் எச்டிடிபிஎஸ் ஒன்லி (மறையாக்கம் உள்ள தளங்கள் மட்டும்) முறையை எல்லாச் சாளரங்களுக்கும் இயக்குங்கள். பூட்டில்லாத தளத்துக்குப் போகும் முன் உலாவி உங்களைக் கேட்கும். கடவுச்சொற்களை உலாவியில் சேமிப்பவர்கள் அங்கேயே பிரைமரி பாஸ்வேர்டு ஒன்றை வையுங்கள். இல்லாவிட்டால் கணினியைத் திறந்த எவரும் எல்லாவற்றையும் படித்துவிடலாம்.

அதே பக்கத்தில் டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ் இருக்கும். நீங்கள் எந்தத் தளத்தின் முகவரியைக் கேட்கிறீர்கள் என்பதை இடையில் இருப்பவர் பார்க்காமல், மாற்றாமல் காக்கும். 2024 செப்டம்பரில் டிஎன்எஸ் கேள்விகளை உள்ளூர் இணைய நிறுவனங்களின் சர்வர்களுக்கே திருப்பிவிடும் உத்தரவு மலேசியாவில் வந்து, மக்கள் எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது நினைவிருக்கலாம். உணவகத்திலும் நூலகத்திலும் பொது வைஃபையில் அமர்பவர்களுக்கு இது கட்டாயம் தேவை என்பேன்.

அடுத்தது, அறிவிப்புகள். கண்ட தளங்களெல்லாம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்கும். பெரியவர்கள் தெரியாமல் அலோ அழுத்திவிடுவார்கள். அப்புறம் திரையின் ஓரத்தில் "உங்கள் கணினியில் வைரஸ்" என்று வந்துகொண்டே இருக்கும். அதே செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய், புதிய கோரிக்கைகள் எல்லாவற்றையும் தடுத்துவிடுங்கள்.

படி 8: வங்கிக்குத் தனி இடம்

என் ஆலோசனை, வங்கி, வரி, சேமநிதி மூன்றுக்கும் தனி உலாவி அல்லது தனி புரொஃபைல். அன்றாடம் பயர்பாக்ஸ் என்றால் இதற்கு குரோமியம், அல்லது நேர்மாறாக. அந்த இடத்தில் எக்ஸ்டென்ஷன் எதுவும் வேண்டாம். வேண்டிய தளங்களின் முகவரியை நீங்களே தட்டி, சரிபார்த்து, புக்மார்க்காக வையுங்கள். அதன்பின் புக்மார்க் வழியாக மட்டுமே போங்கள். வங்கியின் பெயரைத் தேடுபொறியில் தட்டிப் போவது ஆபத்து. போலித் தளம் விளம்பரமாக மேலே வந்து நிற்கக்கூடும். புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த இணைப்பை ஒருபோதும் இந்த உலாவியில் திறக்காதீர்கள்.

மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 முதல் வங்கிகளை எஸ்எம்எஸ் ஓடிபியிலிருந்து விலகச் சொல்லிவருகிறது. அதனால் இப்போது பெரும்பாலும் கைப்பேசிச் செயலியில்தான் ஒப்புதல் கொடுக்கிறோம். ஒப்புதல் திரையில் தெரியும் தொகையும் பெறுநர் பெயரும் கணினியில் நீங்கள் இட்டவைதானா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். கணினித் திரை பொய் சொன்னாலும் அங்கே தெரிந்துவிடும். பணம் போய்விட்டது என்று சந்தேகம் வந்தால் தாமதிக்காமல் வங்கிக்கும், மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கும் அழையுங்கள்.

சில அரசாங்க, வங்கித் தளங்கள் லினக்ஸிலோ பயர்பாக்ஸிலோ முரண்டு பிடிக்கும். யூபிளாக் ஆரிஜின் உள்ள உலாவியில் பக்கம் பாதியில் நின்றால் முதலில் அந்தத் தளத்துக்கு மட்டும் யூபிளாக் ஆரிஜினை அணைத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் இரண்டாவது உலாவியில் திறங்கள். இரண்டு உலாவி வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 9: லினக்ஸின் காலாவதித் தேதி

உலாவி புதுப்பிப்பு லினக்ஸின் கிடங்கு வழியாக வருவதால், லினக்ஸ் பதிப்பின் ஆயுள் முடிந்தால் உலாவியும் பழசாகத் தொடங்கும். லினக்ஸ் மின்ட் 21 வரிசைக்கு 2027 ஏப்ரல் வரை, 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. டெபியன் 12-க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. யாருக்காவது கணினியை அமைத்துக் கொடுத்தால், அப்டேட் மேனேஜரில் தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கிவிட்டு, இந்தத் தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதி மடிக்கணினியின் அடியில் ஒட்டிக் கொடுங்கள். புதுப்பிப்பு இறங்கியபின் உலாவியை ஒருமுறை மூடித் திறக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். மூடாமல் வாரக்கணக்கில் ஓடவிட்டால் திருத்தம் டிஸ்க்கில் இருக்கும், ஓடுவது பழைய பதிப்பாகவே இருக்கும்.